ஆறடி குறையும் வீடு

ஒரு மனிதனின் சுதந்திரம் அந்தச் சனிக்கிழமை ஆம்பூரில் ஒரு ரூபாய்க்கு விற்றது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் எட்டணா.

டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் வீடு பார்க்க வந்தவர்கள். விஷயம் தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் நானும் ஒருவன்.

சப்-கலெக்டரின் மனைவி வெளிநாட்டில் படித்தவர். அங்கே வருஷத்தில் இரண்டு நாள் ஊரிலுள்ள அழகான வீடுகளையெல்லாம் திறந்துவிடுவார்களாம். யார் வேண்டுமானாலும் போய்த் தூணைத் தடவிப் பார்த்து, மாடி ஏறி இறங்கி வரலாமாம். நம் தோல் முதலாளிகளின் வீடுகளைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு இங்கேயும் அப்படி ஒன்று நடத்த ஆசை வந்துவிட்டது. வசூல் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கு. வருஷம் எழுபத்தாறு, எமர்ஜென்சி. அதிகாரியின் மனைவி ஆசைப்பட்டால் அதை யாரும் ஆசை என்று எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து வீடுகளின் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்து, அச்சு மை காய்ந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குச் சொன்னார்கள். பட்டியலில் மூன்றாவது நிசார் அஹமது சாகிப்பின் வீடு.

நான் ஆதிகேசவன். தோல் தரகன். என் அப்பாவும் தரகர். எங்கள் வீட்டில் குழந்தை அழுதால் தாலாட்டுப் பாடமாட்டார்கள், ஒரு மிட்டாயைக் காட்டி அரை மிட்டாய்க்குப் படிய வைப்பார்கள். அப்படி வளர்ந்த வாய்க்கு ஊரில் நல்ல பெயர். அதனால் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். நான் சந்தோஷமாகத்தான் குத்திக்கொண்டேன், வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாகிப் என்னைப் பெரிய ஹாலுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தும் வரை.

ஹாலின் மேற்குச் சுவரில் ஒரு அலமாரி. தேக்குக் கதவு, உள்ளே சீனாப் பீங்கான். சாகிப் நடுத்தட்டுக்குக் கீழே கையை விட்டு எதையோ இழுத்தார். அலமாரியின் முதுகு கதவாகத் திறந்தது. உள்ளே ஆறடி அகலத்தில் ஒரு அறை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே காலி செய்து ஓடிய காலத்தில், நகையையும் நாணயத்தையும் மறைக்க சாகிப்பின் அப்பா கட்டிய இரட்டைச் சுவர். குண்டு வரவில்லை. இப்போது அந்த அறையில் பாய் விரித்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு தால்ச்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஜெபசீலன்.

ஜெபசீலன் எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளும் மிசாவில் பிடிக்க வாரண்ட். போலீஸ் அவனுடைய தெருவில் ஒரு வீடு பாக்கி விடாமல் புகுந்து தேடியிருந்தது. மாதக்கணக்காக அவனைக் காணோம் என்று நானே நாலு பேரிடம் பேசியிருக்கிறேன்.

"சாகிப், இன்னா இது?" என்றேன். "போன போனஸுக்கு உங்களை மூணு நாள் கேட்ல நிக்க வெச்சவன் இவன்."

"நிக்க வெச்சான். அதனாலதான். அவன் போய்ட்டா எனக்கு எதிர்ல உக்காந்து பேச ஆள் யாரு? ஒன்னைய மாதிரி தரகனா?"

ஜெபசீலன் கையை நக்கிக்கொண்டே நிமிர்ந்தான். "கேசவன் அண்ணே, கட்டிப்போட்ட ஆள் மாதிரி நிக்காதீங்க. நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க?"

"ஊரே வரும்டா."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. சாப்பாட்டைக் கீழே வைத்தான்.

நிகழ்ச்சிக்காகத் தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள். பின்சந்திலும் ஒரு போலீஸ். இருட்டில் அவனை வெளியே அனுப்ப வழியில்லை. பக்கத்து வீடு சாகிப்பின் தம்பி அப்துல் வஹீதுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்முற்றத்தில் ஒரு இடைக்கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வருவதற்காக அந்தத் தெருவில் அண்ணன் தம்பி வீடுகளை அப்படித்தான் கட்டுவார்கள். கூட்டம் வருகிறது என்று சாகிப்பின் வீட்டுப் பெண்கள் அந்தக் கதவு வழியாக வஹீத் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதே வழியாக ஜெபசீலனையும் அந்தப் பக்கம் தள்ளலாமா என்று கேட்டேன். சாகிப் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அங்குலம் குறைந்தேன். நியாயம்தான். பெண்கள் நிறைந்த வீட்டிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பையன் இறங்கி வந்தால் போலீஸ் வேண்டியதில்லை, தெருவே பிடித்துக் கொடுத்துவிடும்.

"அப்போ இங்கியே இருக்கட்டும். ரெண்டு நாள்தானே. அலமாரிக்கு முன்னாடி கயிறு கட்டிடலாம்" என்றார் சாகிப்.

சனிக்கிழமை காலையில் கூட்டம் சினிமாக் கொட்டகைக்கு வருவதுபோல வந்தது. வேலூரிலிருந்து நர்ஸுகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். திமிரியிலிருந்து ஒரு குடும்பம் கட்டுச்சோற்றோடு வந்து நடு ஹாலில் இலை போடலாமா என்று கேட்டது. எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அன்றைக்கு நான் பேசிய பேச்சை ஜனங்கள் பல நாள் பாராட்டினார்கள். அது அத்தனையும் பயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இந்தத் தூண் பர்மாத் தேக்கு. கப்பல்ல வந்துச்சு. இந்தத் தரை இத்தாலிக் கல்லு. பாத்து நடங்கம்மா, வழுக்கும். நம்ம காசு இல்லியேன்னு கல்லுக்குத் தெரிஞ்சா இன்னும் வழுக்கும்."

காவேரிப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய வீட்ட தினம் பெருக்கறது யாரு?" என்றாள்.

"அத வாங்கறவங்க யோசிக்கறதில்லம்மா. பெருக்கறவங்கதான் யோசிப்பாங்க."

கூட்டம் சிரித்தது. நான் முதுகை அலமாரியின் கயிற்றுக்குக் கொடுத்து நின்றேன். யாராவது பீங்கானைப் பார்க்கக் கழுத்தை நீட்டும்போதெல்லாம் நானும் அந்தப் பக்கம் நகர்ந்து மறைத்தேன். ஒரு பொடியன் கயிற்றுக்கு அடியில் புகுந்து கண்ணாடியைத் தட்டினான். நான் அவன் காதைப் பிடித்து இழுத்த வேகத்துக்கு அவன் தகப்பன் என்னோடு சண்டைக்கு வந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். காலில் விழச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

மத்தியானத்துக்கு மேல் புரொபசர் வந்தார். பெயர் தேவானந்தம். மெட்ராஸில் கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பவர். மூக்கு நுனியில் கண்ணாடி, கூட மூன்று மாணவர்கள், ஒரு நீளமான துணி டேப். அவருக்கு என் பேச்சு வேண்டியிருக்கவில்லை. தரையில் மண்டியிட்டு மூலைக்கு மூலை அளந்தார். வெளியே போய்த் தெருச்சுவரை அளந்தார். திரும்பி வந்து மறுபடி உள்ளே அளந்தார். பிறகு, பேரம் படிந்த வியாபாரிபோல முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"கேசவன் சார், ஹால் இருபத்தி நாலு. தொழுகை ரூம் பன்னண்டு. நடுச்சுவர் ரெண்டடின்னு தாராளமா வெச்சுக்கங்க. முப்பத்தெட்டு ஆச்சா? வெளிய அளந்து, வெளிச்சுவரக் கழிச்சா நாப்பத்தி நாலு வருது. ஆறடி குறையுது."

"தோல் வியாபாரி வீடு சார். அளந்தா குறையத்தான் செய்யும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்ல சார், அப்படின்னா நடுச்சுவர் எட்டடி இருக்கணும். இது வீடா, வேலூர் கோட்டையா?"

"வஹீத் பாய் வீட்டுச் சுவரையும் சேத்து அளந்திருப்பீங்க."

"அது கிழக்கால இல்ல இருக்கு. ஆறடி இங்க மேற்கால இல்ல தொலையுது." விரலால் காற்றைக் குத்தினார். விரல் நேராக அலமாரியைக் காட்டியது.

ஹாலின் மறுமூலையில் சோபாவில் உட்கார்ந்து ரோஜாப்பூ சர்பத் குடித்துக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி. அவர் நிகழ்ச்சிக்கு விருந்தாளி. டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். அடியில் தங்கிய சப்ஜா விதைகளைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"ஆறடின்னா ஒரு ஆள் தாராளமா காலை நீட்டிப் படுக்கலாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டு மூச்சை அடக்கியிருப்பான். இந்தப் பக்கம் நான் அடக்கியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. அவசரப்பட்டிருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். கிளம்பும்போது சாகிப்பின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் நிகழ்ச்சி இருக்கு. அந்த அம்மா மனசு நோகற மாதிரி நடுவுல ஒண்ணும் செய்யக் கூடாது. சாயந்திரம் ஜனம் போனப்புறம் அந்த ஆறடிய நானும் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் திருட்டு கிருட்டு நடந்துடக் கூடாது பாருங்க. நம்ம கான்ஸ்டபிள் வேலுவ வாசல்ல நிறுத்தறேன். டிக்கெட் வாங்கிட்டு உள்ள போற தலைய எண்ணுவான். வெளிய வர்ற தலைய எண்ணுவான். ஆம்பளை தனி, பொம்பளை தனி. வீட்டு ஆளுங்கள எண்ணத் தேவையில்ல. உள்ள போனதும் வெளிய வந்ததும் சரியா இருந்தா எல்லாருக்கும் நிம்மதி."

எங்களைத் தராசில் ஏற்றி வைத்துவிட்டு, எடையை நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனதுபோல இருந்தது.

அந்தி நேர மக்ரிப் தொழுகை முடிந்ததும் இடைக்கதவின் பக்கத்தில் கூடினோம். கதவுக்கு அந்தப் பக்கம், திரைக்குப் பின்னால் சாகிப்பின் மனைவி சுகரா பேகம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் குரலுக்குச் சாகிப்பே பயப்படுவார்.

"கோஷா போட்டு அனுப்பிடலாமா?" என்றேன்.

"கேசவா, முகத்த மறைக்கலாம். நடைய யார் மறைக்கறது?" என்றது திரை. "அவன் அந்த ஆறடி ரூம்லயே மேடைக்கு நடக்கற மாதிரி நடக்கறான். போலீஸு பொம்பளைங்களையும் எண்ணுவான். வேற யோசி."

"யோசிச்சா ஜுரம் வருதும்மா."

"ஆம்பளையாவே போகட்டும். டிக்கெட் வாங்கின ஆள் மாதிரி, பட்டப்பகல்ல, வாசல் வழியா."

"எண்றாங்களே. ஒரு தலை ஜாஸ்தியாய்டும்."

வளையல் ஒலித்தது. "ஜாஸ்தியானா வேற ஒரு தலைய கம்மி பண்ணு. ஒரு ஆம்பளை டிக்கெட் வாங்கிட்டு உள்ள வரட்டும். வெளிய போகாம இந்தக் கதவு வழியா இந்தப் பக்கம் வந்துடட்டும். அந்த எடத்துல இவன் வெளிய போகட்டும்."

"அந்த மாதிரி இடைக்கதவு தாண்டக்கூடிய ஆம்பளை யாரு இருக்காங்க?" என்று கேட்கத் தொடங்கிய சாகிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது வஹீதின் சொந்த வீடு. அவர் வாசல் வழியாக ஊருக்குள் போய், டிக்கெட்டோடு அண்ணன் வீட்டுக்குள் வந்து, உள்வழியாகத் தன் வீட்டுக்கே போய்விட்டால் யார் கேட்பது? அவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். விஷயத்தைக் கேட்டு அவர் தாடி ஆடியது. "யா அல்லா, என்னையும் சேத்து உள்ள தள்ளுவானுங்களே" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, நாலாவது தடவை சரி என்றார்.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போனதும் என் மனைவி தேவகி, "இன்னா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றாள். சோற்றைப் பிசைந்தேன், சாப்பிடவில்லை. தெருவில் ஜீப் போகும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஜீப்பும் எங்கள் வாசலுக்கு வந்து வேகத்தைக் குறைப்பது மாதிரி இருந்தது. குறைக்கவில்லை. இருந்தாலும் அப்படித்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இன்னும் ஜாஸ்தி. வாசலில் மேஜை போட்டு ஞானசுந்தரி டீச்சர் டிக்கெட் கிழித்தார். பக்கத்தில் கான்ஸ்டபிள் வேலு ஒரு பள்ளிக்கூடக் கரும்பலகையைச் சாய்த்து வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இடதுபக்கம் போனவர்கள், வலதுபக்கம் வந்தவர்கள். நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. இன்ஸ்பெக்டர் இன்றைக்குப் பெரிய ஹாலில் உட்காரவில்லை. முன்கூடத்தில், வாசலைப் பார்த்த நாற்காலியில் சாகிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வஹீத் பாய் உள்ளே வந்தாரா என்பதைச் சாகிப் பார்த்து எனக்குச் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர் காதுக்குப் பக்கத்தில் எப்படிச் சொல்வது? எங்கள் வியாபாரத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. நாலு பேர் நடுவே விலை பேசவேண்டுமானால் இரண்டு பேரும் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரல் பேசும், வாய் ஊர்க்கதை பேசும்.

மூன்று மணிக்கு மேல் நான் ஒரு கூட்டத்தை முன்கூடம் வழியாக நடத்திக்கொண்டு போனேன். "கேசவா, இங்க வா" என்றார் சாகிப். தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டார். அடியில் அவர் கை சில்லென்று இருந்தது. என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து அழுத்தினார். ஒன்று. ஆள் உள்ளே வந்தாயிற்று.

"என்ன பேரம்?" இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"ஆட்டுத்தோல் சார். ஆலங்காயம் பக்கம் ஒரு லாட் வந்திருக்கு."

"முடிஞ்சிதா?"

"இப்பதான் சார் முடியுது" என்றார் சாகிப். துண்டை எடுத்தபோது என் விரலில் அவர் நகம் பதிந்திருந்தது.

மாடியில் கலர்க் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. வெயில் மேற்கே சாயும்போது தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக விழும். "இப்ப பாக்காட்டி அடுத்த வருஷம்தான் பாக்கணும்" என்று கத்தி மொத்தக் கூட்டத்தையும் மாடிக்கு ஏற்றினேன். ஹால் காலியானது. அலமாரியைத் திறந்தேன். ஜெபசீலன் மீசையை எடுத்து, சாகிப்பின் மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

"அண்ணே, தொண்டை வறளுது."

"பேசாதே. பேசினாத்தான் ஒன்னைய எல்லாருக்கும் தெரியும்."

புரொபசர் தொழுகை அறையில் மண்டியிட்டிருந்தார். காலையிலிருந்து அதே ஆறடி. நான் ஜெபசீலனைக் கூட்டிப்போய் அவர்முன் நிறுத்தினேன். "சார், இந்தப் பையனும் கட்டட வேலை தெரிஞ்சவன். உள்ளயிருந்து வாசல் வரைக்கும் டேப்ப ஒரே இழுவையா இழுத்துப் பாத்தா உங்க கணக்கு தெளிஞ்சிடும் இல்ல?"

"அதத்தான் நான் காலைலேந்து இவங்ககிட்ட சொல்றேன்" என்று மாணவர்களைத் திட்டிவிட்டு, டேப்பின் நுனியை அவன் கையில் கொடுத்தார். "தம்பி, டேப் தொய்யாம, என்னையே பாத்துக்கிட்டுப் பின்னால நட. தெரு வரைக்கும் போ."

ஜெபசீலன் பின்னால் நடந்தான். ஹாலைத் தாண்டினான். முன்கூடத்துக்குள் முதுகு முதலில் போயிற்று. நான் கூடவே போனேன், டேப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏதேதோ உளறிக்கொண்டு. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் வழியில் நீட்டியிருந்தது. ஜெபசீலனின் குதிகால் அதில் பட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் பிள்ளைகளின் முகம் வரிசையாக வந்தது.

"பாத்துப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். காலைத் தூக்கிக்கொண்டார். டேப் அவர் முழங்காலுக்கு அடியில் ஓடியது. அவருடைய கண் டேப்பின் எண்களில் இருந்தது, மனிதன்மேல் இல்லை. ஆறடியைத் தேடுகிறவருக்கு ஆள் தெரியவில்லை.

வாசல்படி. கரும்பலகை. சாக்பீஸ் கிறீச்சிட்டது. வலதுபக்கம் ஒரு கோடு. ஜெபசீலன் தெருவில் இறங்கி, வீட்டு மூலைவரை டேப்பை இழுத்துப் போய், அங்கே நின்ற ஒரு மாணவன் கையில் நுனியைக் கொடுத்தான். மூத்திரத்துக்குப் போகிறவன்போலச் சுண்டு விரலைக் காட்டிவிட்டுத் திரும்பினான். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. பார்த்தால் இன்ஸ்பெக்டரும் பார்ப்பார்.

கூட்டத்தை விட்டு நழுவி இடைக்கதவுக்குப் போனேன். வஹீத் பாய் கதவுக்கு அந்தப் பக்கம் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

"போய்ட்டானா?"

"போய்ட்டான் பாய். உங்க புண்ணியம்."

"இன்னொண்ணு தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "டிக்கெட்டே வாங்கலை நான்."

"இன்னா பாய்?"

"சொந்த அண்ணன் வூட்டுக்கு ஒரு ரூபாயான்னேன். டீச்சரம்மா எல்லாருக்கும் அதான் ரேட்டுன்னுச்சு. எட்டணா குடுக்கறேன்னேன். எட்டணா சின்னப் பசங்களுக்குன்னுச்சு. அப்போ நாலணான்னேன். அது சிரிச்சிடுச்சு. பக்கத்துல போலீஸு, 'பாய் வீட்டு ஆளுதானே டீச்சர், சும்மா வுடுங்க'ன்னான். ஒத்தப் பைசா தரலை." விசிறியை மடக்கினார். "வாயி இருந்தா பொழச்சுக்கலாம்."

"போலீஸு கோடு போட்டானா பாய்?"

"எதுக்குப் போடறான்? அதான் வீட்டு ஆளுன்னுட்டானே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது. ஐம்பது வருஷமாகச் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கி அறியாத மனிதர். கையில் ஒரு ரூபாயைக் கொடுத்து, உயிர் போகிற காரியம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அதையும் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். திரைக்குப் பின்னால் சுகரா பேகம் உர்துவில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு உர்து நன்றாகத் தெரியும், இருந்தாலும் அதை இங்கே எழுதமுடியாது.

ஓடிப்போய் ஜெபசீலனைத் திரும்பக் கூட்டிவர முடியாது. இன்னொரு ஆணை உள்ளே வரவழைத்து நிறுத்திவைக்கலாம் என்றால், யாரை நம்புவது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி ஆகிவிட்டது. கடைசிக் கூட்டம் இறங்கியது. புரொபசர் டேப்பைச் சுற்றிக்கொண்டு, "தீரலை சார், அடுத்த தடவை வர்றேன்" என்று வருத்தத்தோடு போனார். வாசல் கதவைச் சாத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தார். "வாங்க சாகிப். அந்த ஆறடி."

சாகிப் மறுக்கவில்லை. அவரே பீங்கானை எடுத்து வைத்துவிட்டு அலமாரியின் முதுகைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்தார். ஒரு பாய், ஒரு தலையணை, மண்பானையில் தண்ணீர். குனிந்து தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் படுக்கறது?"

"நான்தான். மத்தியானத்துல குளிர்ச்சியா இருக்கும். பேரப் பசங்க தொல்லை இல்ல."

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"வேலு, கணக்கு சொல்லு."

வேலு கரும்பலகையை விரலால் எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். "பொம்பளைங்க உள்ள நூத்தி அறுவத்தி மூணு, வெளிய நூத்தி அறுவத்தி மூணு. ஆம்பளைங்க உள்ள எரநூத்திப் பதினொண்ணு சார்." விரலை வலதுபக்கத்துக்கு நகர்த்தினான். "வெளிய எரநூத்திப் பன்னண்டு."

"ஒண்ணு ஜாஸ்தி" என்றார் இன்ஸ்பெக்டர். ரொம்ப அன்பாகச் சொன்னார். "உள்ள போகாத ஒருத்தன் வெளிய வந்திருக்கான். இல்ல, ஒனக்கு எண்ணத் தெரியல. ரெண்டுல எதுன்னு சொல்லு. எண்ணத் தெரியலன்னா நாளைக்கே யூனிபாரத்தைக் கழட்டி வெச்சிட்டுப் போய்டலாம்."

சாகிப் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை நின்றுவிட்டது. டீச்சர் சில்லறைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பயத்தில் எப்போதும் நீளும் என் வாய் அன்றைக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

வேலு பலகையையே பார்த்தான். பிறகு அட்டென்ஷனில் நின்றான்.

"சார், வஹீத் பாய் சார். வீட்டு ஆளுன்னு உள்ள போறப்ப கோடு போடலை. டீச்சரம்மாவைக் கேளுங்க சார். திரும்பி வெளிய வந்தப்ப கூட்டத்தோட வந்தாரு. கை பழக்கத்துல கோடு போட்டுட்டேன்."

"பாய் உள்ள போனாரு, டிக்கெட் வாங்கலை" என்றார் டீச்சர். "நாலணாவுக்குக் கேட்டாரு."

"வெளிய வந்ததை நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன் சார்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, இடைக்கதவுக்கு அப்பாலிருந்து, வஹீத் பாயின் குரல் கேட்டது. தெரு முழுக்கத் தெரிந்த குரல். டீ கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் அவருக்கு டீ வேண்டும்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது யாரு?"

"வஹீத் தான் சார்" என்றார் சாகிப். எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று தெரியவில்லை. "வெளிய போனவன் அவன் வீட்டுக்குத்தானே போவான்."

இன்ஸ்பெக்டர் சாகிப்பைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார், நீளமாக. பிறகு சாக்பீஸை எடுத்து, இடதுபக்கம் ஆண்கள் கணக்கில் ஒரு கோடு தானே போட்டுவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பியது. தெரு முனை திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

டீச்சர் போனார். சாகிப் உள்ளே போய் ஜமக்காளத்தில் அப்படியே சரிந்துவிட்டார். வேலு பலகையை ஈரத்துணியால் துடைத்து, சுவரோரம் சாய்த்து வைத்தான். தொப்பியைச் சரிசெய்தான். போவான் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கேசவன் அண்ணே."

"சொல்லு வேலு."

"நான் பாயை வெளிய பாக்கல." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டேப்பு புடிச்சிக்கிட்டு பின்னாலயே நடந்து போனானே ஒரு பையன், அவன பாத்தேன். மூலைல டேப்ப குடுத்துட்டு, ஆலங்காயம் பஸ்ஸுல ஓடி ஏறினான். அவன் காலையில உள்ள போகல. போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். போன வருஷம் ஸ்டிரைக்ல அவன் பின்னாடியே ஒரு வாரம் லத்தியோட நடந்தவன் நான்."

நான் பாக்கெட்டில் கையை விட்டேன். அது பிறவிப் பழக்கம். அவன் தலையை ஆட்டினான்.

"இப்ப வேணாம்ணே" என்றான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். எப்போது, எதுவாக வேண்டும் என்று சொல்லவில்லை. நல்லவனா, காத்திருக்கிறவனா என்று அவன் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். எத்தனையோ முதுகுகளை விலை மதித்தவன் நான். அன்றைக்கு முடியவில்லை. இன்றைக்கும் தெருவில் அவன் எதிரே வந்தால் சிரிப்பான், நானும் சிரிப்பேன், அவன் போனபிறகு உள்ளங்கை ஈரமாக இருக்கும்.

ஆண்கள் உள்ளே போனது இருநூற்றுப் பன்னிரண்டு. வெளியே வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. வேலுவுக்கு நாங்கள் தரவேண்டியது ஒன்று, இன்னும் பாக்கி.